இடிபாட்டுக்குள் இருந்து கூப்பிடும் கருவி: உடலில் அணியும் அவசர இடங்காட்டி பற்றிய கேள்வி பதில்

நிலநடுக்கம், நிலச்சரிவு, வெள்ளம் என்று ஏதோ ஒன்றில் சிக்கியவர் எங்கே கிடக்கிறார் என்பதை மீட்புக் குழுவுக்குக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவியைச் சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் இதுவரை நான்கு வடிவங்கள் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. கீழே இருப்பதில் பாதி, அந்த இரண்டும் கற்றுக்கொடுத்தது.

இந்தக் கருவியின் வேலைதான் என்ன?

"நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பல நாள் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போர்டு வாங்கி, சாலிடர் செய்து, 3டி பிரிண்டரில் அழகாகப் பெட்டி அச்சடித்து முடித்த பிறகுதான், "சரி, இந்த சிக்னலை எந்த ரிசீவரில் பிடிப்பார்கள்?" என்ற கேள்வி வருகிறது. கேட்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கும் என்பதிலிருந்துதான் வடிவமைப்பு தொடங்க வேண்டும்.

கையில் செல்போன் இருக்கிறதே, அது போதாதா?

டவர் நின்று, சார்ஜும் இருந்து, கை எட்டும் தூரத்தில் போனும் இருந்தால் போதும். பேரிடரில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். 2022 நவம்பரில் ஐபோன் 14-க்குச் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வந்தது, நல்ல வசதிதான். ஆனால் திறந்த வானம் தெரிய வேண்டும், போனைக் கையில் பிடித்துச் செயற்கைக்கோள் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். கான்கிரீட் பலகைக்குக் கீழே கை மாட்டிக்கொண்டு கிடப்பவரால் அது முடியாது.

கடையில் கிடைக்கும் பீக்கனை, அதாவது செயற்கைக்கோளுக்கு அவசர அழைப்பு அனுப்பும் கருவியை, வாங்கிவிட்டால் என்ன?

திறந்தவெளிக்குப் போகிறவராக இருந்தால், மலையோ கடலோ, தாராளமாக வாங்குங்கள். நாம் செய்யும் எதுவும் அதற்கு ஈடாகாது. அந்த அழைப்பைச் செயற்கைக்கோள் வழியாகப் பிடித்து மீட்புக் குழுவுக்குச் சொல்லும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பை 1979-ல் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து தொடங்கின. 1982 செப்டம்பரில் அதன் வழியாக முதல் மீட்பு நடந்தது. பனிப்போர் காலத்தில் இரு தரப்பும் சேர்ந்து செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

அதன் தனிநபர் பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸில், சுமார் 5 வாட் திறனில், அரை விநாடி நீளச் செய்தியை ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும். குறைந்தது 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சிக்னல் போய்க்கொண்டிருக்கும்; பக்கத்தில் வந்துவிட்ட குழு அதைப் பிடித்துக்கொண்டு நெருங்கும்.

இடிந்த கட்டடத்துக்குள் இதுவும் திணறும், வானம் தெரியாதே. நாம் செய்யப்போவது அந்தக் கடைசி ஐம்பது மீட்டருக்கான கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

406 மெகாஹெர்ட்ஸில் நானே ஒன்று செய்யலாமா?

கூடாது. சோதனைக்காகக்கூட வேண்டாம். சான்றளிக்கப்படாத கருவி அந்த அலைவரிசையில் ஒலித்தால் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும், ஒரு ஹெலிகாப்டர் கிளம்பக்கூடும். 121.5-ம் அப்படியே, அது விமானிகளின் அவசர அலைவரிசை.

ஜிபிஎஸ் மாட்டிவிட்டால் இடம் தெரிந்துவிடுமே?

வெளியில் தெரியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வந்து சேரும்போது அந்த சிக்னல் சுமார் மைனஸ் 130 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு), அதாவது இரைச்சலுக்கும் கீழே. ரிசீவர் கணக்குப் போட்டுத்தான் அதைத் தோண்டி எடுக்கிறது. ஒரு கான்கிரீட் தளம் குறுக்கே வந்தாலே சிரமம், இரண்டு தளம் என்றால் விட்டுவிடலாம். தூங்கி எழுந்த ரிசீவர், செயற்கைக்கோளின் பாதைத் தகவலை வாங்கவே ஏறக்குறைய 30 விநாடி தடையில்லாமல் கேட்க வேண்டும்.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். நடமாடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கு ஒருமுறை இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு "கடைசியாகத் தெரிந்த இடம் இது, இத்தனை நிமிடத்துக்கு முன்" என்று அனுப்பட்டும். எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்பதற்கு அது போதும். எந்த மூலை என்பதற்கு வேறு வழி வேண்டும்.

அப்படியானால் எந்த அலைவரிசை?

நீரையும் சுவரையும் உடம்பையும் ஊடுருவ வேண்டுமென்றால் அலைவரிசை தாழ்ந்திருப்பது நல்லது. புளூடூத், வைஃபை இரண்டும் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஈரச் சுவரும் மனித உடம்பும் நன்றாகவே விழுங்கும். வீட்டில் செய்பவருக்கு ஏற்றது லோரா, அதாவது குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்தியை நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை. 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் ஒன்றில் பெரும்பாலும் உரிமமில்லாமல் பயன்படுத்தலாம். எது அனுமதி, எவ்வளவு திறன், மணிக்கு எவ்வளவு நேரம் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு மாட்யூல் வாங்குங்கள். வாங்கிவிட்டு விதியைப் பார்த்தவன் நான்.

ஆன்டெனா நீளத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். கால் அலை நீளம் 868-ல் சுமார் 8.6 சென்டிமீட்டர், 433-ல் 17 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் கம்பியை மணிக்கட்டில் கட்ட முடியாது. தோள்பட்டைப் பட்டையில் தைத்துவிடலாம்.

இன்னொரு பாதையும் உண்டு. பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடும் கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அது காந்தப் புலம், பனியைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சில பத்து மீட்டருக்குள் அருமை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

பேட்டரி எத்தனை நாள் தாங்க வேண்டும்? கணக்கு எப்படி?

மீட்புப் பணியில் முதல் 72 மணி நேரம் பொன்னான நேரம் என்பார்கள். அதற்கப்புறமும் ஆட்கள் உயிரோடு மீட்கப்பட்டிருக்கிறார்கள். நான் ஏழு நாள், அதாவது 168 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

லோராவில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (செய்தியை எவ்வளவு இழுத்து மெதுவாக அனுப்புவது என்ற அளவு) 10, அலைவரிசை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ், 20 பைட் செய்தி என்றால் ஒரு செய்தி காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.37 விநாடி. அப்போது இழுக்கும் மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் சராசரி சுமார் 0.62 மில்லிஆம்பியர். ஏழு நாளுக்கு 104 மில்லிஆம்பியர் மணி. ஜிபிஎஸ் 25 மில்லிஆம்பியர் இழுக்கும், மணிக்கு ஒரு நிமிடம் மட்டும் எழுப்பினால் 70. பக்கத்தில் வந்தவர் கேட்க ஒலி எழுப்பும் பஸ்ஸர் 10 மில்லிஆம்பியர், அரை நிமிடத்துக்கு ஒரு விநாடி என்றால் 56. சிப் தூங்கும்போது தின்பது இரண்டு மூன்று. ஆக மொத்தம் 235-க்குள் அடங்கும். 1500 மில்லிஆம்பியர் மணி கொண்ட ஒற்றை லித்தியம் பேட்டரி போதும். குளிரிலும் வயதிலும் பாதி போனாலும் போதும்.

அதே ஜிபிஎஸ்ஸை ஏழு நாளும் அணைக்காமல் விட்டால் அது மட்டுமே 4200 கேட்கும்.

இப்போது என் முதல் கருவியின் கதை. கணக்கெல்லாம் கச்சிதமாகப் போட்டு, இழுப்பறையில் வைத்து, இரண்டு வாரம் கழித்து எடுத்தால் செத்துக் கிடந்தது. போர்டில் ஒரு சிவப்பு எல்இடி, "மின்சாரம் வருகிறது" என்று காட்டுவதற்காக எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அது 5 மில்லிஆம்பியர் தின்றது. 1500-ஐ 5-ஆல் வகுத்தால் 300 மணி நேரம், பன்னிரண்டரை நாள். ஒரு செய்திகூட அனுப்பாமலே பேட்டரி காலி. அன்றிலிருந்து எந்த போர்டு வாங்கினாலும் முதல் வேலை, அந்த எல்இடியைச் சாலிடரிங் அயர்ன் முனையால் பெயர்த்து எடுப்பதுதான்.

எந்த வகைப் பேட்டரி?

சார்ஜ் செய்யும் வகை வேண்டாம் என்பது என் கட்சி. சார்ஜ் செய்ய மறந்த நாளில்தான் பூமி நடுங்கும். பை போன்ற லித்தியம் பாலிமர் பேட்டரியை மேலே விழும் கல் குத்திவிட்டால் தீப்பிடிக்கும், அதுவும் உடம்போடு ஒட்டியபடி. சார்ஜ் செய்யாத லித்தியம் பேட்டரி வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான் தானாக இழக்கும். அதையும் கெட்டியான கூட்டுக்குள் வையுங்கள்.

பொத்தான் பேட்டரியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். 220 மில்லிஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும்; லோரா ஒரு முறை 100 மில்லிஆம்பியர் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகும், எழுந்ததும் மறுபடி அனுப்பப் பார்க்கும், மறுபடி விழும். லித்தியம் தயோனைல் குளோரைடு வகை பத்து வருடம் தூங்கும், ஆனால் தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்க நேரம் எடுக்கும். பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டரைப் போட்டால் சமாளிக்கும்.

ஆபத்தைக் கருவியே உணர்ந்து தானாகக் கூவ வேண்டாமா?

வேண்டும்தான். ஆனால் பொய்க் கூச்சல் ஒரு பெரிய தலைவலி. ஐபோனில் விபத்தைக் கண்டறியும் வசதி வந்த புதிதில், பனிச்சறுக்கு விளையாடியவர்களின் போன்களும் ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன்களும் அவசர எண்ணை அழைத்துவிட்டன. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

நான் வைத்திருப்பது இரண்டு வழி. ஒன்று, இழுத்தால் கழன்று வரும் முள். முள்ளில் காந்தம், உள்ளே அது விலகினால் வேலை செய்யும் ரீட் சுவிட்ச். வெளியில் ஓட்டை இல்லை, தண்ணீர் புகாது, ஒரு கையால், பல்லால்கூட இழுக்கலாம். இரண்டு, பலமான அதிர்வு, அதற்குப் பிறகு நெடுநேரம் அசைவின்மை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம் அதிர்ந்து எச்சரிக்கும். தட்டி நிறுத்தாவிட்டால் அனுப்பத் தொடங்கும். மயங்கிக் கிடப்பவருக்கு இந்த இரண்டாவதுதான் துணை.

ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்: கருவி பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை 20 மில்லிவிநாடி மட்டும் ரிசீவரைத் திறந்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும். திறந்திருக்கும்போது 5 மில்லிஆம்பியர் என்றால் சராசரி 50 மைக்ரோஆம்பியர். வருடத்துக்கு 438 மில்லிஆம்பியர் மணி. மேலே சொன்ன பேட்டரியில் மூன்று வருடம். மீட்புக் குழு இரண்டு விநாடிக்கும் மேல் நீளும் முன்னொலியோடு அழைத்தால், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாக் கருவியும் விழித்துக்கொள்ளும். முள்ளை இழுக்க முடியாதவரையும் இப்படி எழுப்பலாம்.

ஒரே கட்டடத்தில் 200 பேர் கருவி அணிந்திருந்தால்?

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேச்சு விழும். நிமிடத்துக்கு ஒரு முறை 0.37 விநாடிச் செய்தி. 20 கருவி என்றால் ஒரு செய்தி மோதாமல் தப்பும் வாய்ப்பு சுமார் 78 சதவீதம். 200 கருவி என்றால் 8 சதவீதம். சந்தைக் கூச்சல்தான். ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை 7-க்கு இறக்கினால் செய்தி 0.06 விநாடிக்குள் முடிந்துவிடும், 200 கருவிக்கும் வாய்ப்பு 68 சதவீதமாக ஏறும். எட்டும் தூரம் குறையும். எந்த அமைப்பானாலும் அனுப்பும் இடைவெளியில் சில விநாடி ஏற்ற இறக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே நொடியில் விழித்த இரண்டு கருவிகள் கடைசிவரை ஒன்றையொன்று மறித்துக்கொண்டே இருக்கும்.

பஸ்ஸர் எதற்கு? ரேடியோ இருக்கிறதே?

ரேடியோ உங்களைக் குவியலுக்கு அழைத்து வரும். எந்தக் கல்லைப் புரட்டுவது என்பதைச் சத்தம்தான் சொல்லும். மனிதக் காது கூர்மையாக இருப்பது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை. சின்ன பீசோ பஸ்ஸர்களும் அந்தப் பகுதியில்தான் உரக்க ஒலிக்கின்றன. கஷ்டம் என்னவென்றால், ஒரே சுருதியில் நீளும் "பீப்" எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது காதுக்கு மிகக் கடினம். வீட்டில் எங்கோ ஒரு பேட்டரி தீர்ந்த புகை அலாரம் கத்தும்போது அறை அறையாக அலைந்தவருக்குத் தெரியும். அதனால் சுருதியை மேலும் கீழும் இழுத்துவிடுங்கள், சீழ்க்கை மாதிரி.

தாளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உதவி கேட்பதென்றால் மூன்று முறை ஒலிப்பது மலையேறுபவர்கள் பழக்கத்தில் இருக்கிறது என்று நானும் மூன்று குட்டை ஒலி வைத்திருந்தேன். பன்னாட்டு மீட்புக் குழுக்களின் வழிமுறையில் ஒரு விநாடி வீதம் மூன்று குட்டை ஒலி என்றால் "உடனே வெளியேறு" என்று பொருள்! மூன்று விநாடி நீளும் ஒற்றை ஒலி, வேலையை நிறுத்தி அமைதி காக்கச் சொல்வது. ஒரு நீளமும் ஒரு குட்டையும் சேர்ந்தால், வேலையைத் தொடரலாம். இந்த மூன்றில் எதையும் ஒத்திராத தாளத்தை எடுங்கள். நான் ஐந்து வேகமான சீழ்க்கை வைத்திருக்கிறேன்.

அந்த நீண்ட ஒற்றை ஒலிக்கு அப்புறம் இயந்திரங்கள் எல்லாம் நிற்கும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுப்பார்கள். கருவி அந்த நேரத்தில் கத்த வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கத்தும் பஸ்ஸர் அந்த அமைதியைத் தவறவிடும். குழு ரேடியோவில் எழுப்பினால் உடனே ஒலிக்கும்படி செய்தால் இந்தக் கவலை இல்லை, மாட்டிக்கொண்டவர் காதருகே நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கும் கொடுமையும் இல்லை.

மாட்டிக்கொண்டவருக்குப் பதில் தெரிய வேண்டுமா?

கட்டாயம். ஐரோப்பாவின் கேலிலியோ இடங்காட்டிச் செயற்கைக்கோள்களில் 2020 ஜனவரி முதல் இருக்கும் வசதி இது. பீக்கனின் அழைப்பு வந்து சேர்ந்தது என்று பீக்கனுக்கே திருப்பிச் சொல்லும். நம் கருவியிலும் ரிசீவரிலிருந்து பதில் வந்தால் ஒரு பச்சை விளக்கும் இரண்டு அதிர்வும் போதும். அதிர்வு முக்கியம், கை எங்கே இருக்கிறது என்றே பார்க்க முடியாத இருட்டில் கிடப்பவர் அதைத் தோலில் உணர்வார்.

உடம்பில் எங்கே அணிவது?

மணிக்கட்டு அழகு, ஆனால் விழும்போது கை உடம்புக்கு அடியில் போய்விடும். மேசைமேல் வைத்துச் சோதித்தபோது மூன்று தெரு தாண்டி வந்த என் சிக்னல், அதைக் கையில் கட்டிக்கொண்டு கையின்மேலேயே படுத்தபோது தெருமுனைகூடத் தாண்டவில்லை. உடம்பு ஓர் உப்புத் தண்ணீர்ப் பை. ஆன்டெனாவைத் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலக்குங்கள். தோள் அல்லது மேல் மார்பு நல்லது. வெள்ளத்தில் மிதப்பவருக்கும் தண்ணீருக்கு மேலே இருப்பது அந்தப் பகுதிதான். கழுத்தில் மாட்டினால், இழுத்தால் அறுந்துவிடும் கொக்கி வையுங்கள்.

தண்ணீர் புகாத பெட்டி?

பெட்டியில் ஐபி67 என்ற தண்ணீர்த் தடுப்புத் தரக்குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். அவ்வளவுதான். வெள்ளத்துக்கு அது போதாது, போர்டை எபாக்சி ஊற்றி மூடிவிடுங்கள். பஸ்ஸர் வாயை மட்டும் மறந்தும் மூடிவிடாதீர்கள்.

தேடுபவர் எப்படித் திசை கண்டுபிடிப்பார்?

ஒரே திசையில் கூர்ந்து கேட்கும் யாகி ஆன்டெனா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய வித்தை ஒன்று: ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சிக்னல் எங்கே மிகக் குறைகிறதோ, அங்கே உங்கள் உடம்பு அதை மறைக்கிறது. ஆள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறார். நெருங்கியதும் ரிசீவர் நிரம்பி எந்தப் பக்கமும் ஒன்றாகவே காட்டும், அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுத் தேடலாம்.

இடிபாட்டில் சிக்னல் பொய் சொல்லும். கம்பி போட்ட கான்கிரீட்டைத் துளைக்க முடியாமல் சந்து வழியாக வளைந்து வெளியேறும். அதிகபட்ச சிக்னல் கிடைக்கும் இடம் அந்தச் சந்தின் வாய், ஆள் அங்கிருந்து தள்ளிக் கிடக்கலாம். நான்கு பக்கமிருந்தும் அளந்து பார்க்காமல் தோண்டத் தொடங்கக் கூடாது.

கருவியே இல்லாதவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மோப்ப நாய்கள், நுண்ணொலி கேட்கும் கருவிகள், அப்புறம் ரேடார். நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகம் உருவாக்கிய ஃபைண்டர் என்ற கருவி, இடிபாட்டின் மேல் மைக்ரோவேவ் அலையை அனுப்பி, இதயத்துடிப்பும் மூச்சும் உண்டாக்கும் நுண்ணசைவைப் பிடிக்கும். 2015 நேபாள நிலநடுக்கத்தில் சௌதாரா என்ற ஊரில் நான்கு பேர் மீட்கப்பட அது உதவியது. அவர்கள் உடம்பில் எந்தக் கருவியும் இல்லை.

பெயர், ரத்த வகை எல்லாம் அனுப்பலாமா?

வேண்டாம். ஓர் எண் போதும். எவரும் பிடிக்கக்கூடிய அலையில் பெயரையும் நோயையும் ஏன் ஒலிபரப்ப வேண்டும்? அவற்றைத் தாளில் எழுதி லேமினேட் செய்து பெட்டியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

மைதானத்தில் வேண்டாம், அங்கே எல்லாமே வேலை செய்யும். ஈர மணல் மூட்டைகளுக்கு அடியில், இரும்பு அலமாரிக்குள், அடித்தளப் படிக்கட்டின் கீழ் வையுங்கள். ஒளித்து வைத்தவர் வேறு, தேடுபவர் வேறாக இருக்கட்டும். என் நண்பர் ஒருமுறை ஒளித்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கருவியைக் கண்டுபிடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அந்த வருடம் நான் செய்த உருப்படியான சோதனை அது ஒன்றுதான்.

ஒரே ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது, எதில் தொடங்க?

ரிசீவரில். லோரா மாட்யூல் ஒன்று, சிக்னல் பலத்தை எண்ணாகக் காட்டும் சின்னத் திரை ஒன்று, ஹெட்போனில் அதையே சுருதியாகக் கேட்கும்படி நாலு வரி நிரல். இன்னொரு மாட்யூலை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப வைத்து, வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டை விட்டு வெளியே போகும் முன் கேட்டுவிடுங்கள்.